பார்த்தவர்

ராயக்கோட்டை சாலையில் மாம்பழ லாரிகள்
ஒன்றை ஒன்று முட்டி நிற்கிற ஆனி மாதம்.
மாடியில் ரத்தப் பரிசோதனை நிலையம்.
சர்வர் இருப்பது பழைய எக்ஸ்ரே அறையில்,
கதவில் இன்னமும்
‘கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது’.

என் வேலை சின்னது.
யார் என்ன செய்தார்கள் என்பதைத்
தரவுத்தளம் எழுதி வைக்கிறதா என்று பார்ப்பது.
நாற்பத்திரண்டு கேள்வி.
ஆம், இல்லை, பொருந்தாது.

திம்மராஜ்தான் இங்கே எல்லாம்:
நெட்வொர்க், பிரிண்டர், தண்ணீர் மோட்டார்.
‘லாக் ஓடுதுங்க மேடம், நானே போட்டது.’
ஓடத்தான் செய்தது.
அட்மின் நுழைந்தார். அட்மின் மாற்றினார்.
அட்மின் அழித்தார். அட்மின் வெளியேறினார்.
‘யார் இந்த அட்மின்?’
‘எல்லாரும்தாங்க.’
கடவுச்சொல், மருந்து அட்டையின் பின்பக்கத்தில்
எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தது.

விடிகாலை நாலரைக்கு
இருபது பேர் வேலை செய்திருந்தார்கள்.
பயந்துவிட்டேன்.
பிறகு தெரிந்தது, சர்வரின் கடிகாரம்
கிரீன்விச்சை விட்டுக் கிளம்பவே இல்லை;
அதற்கு நாலரை என்றால்
கிருஷ்ணகிரியில் பத்து மணி,
வெறும் வயிற்றோடு வந்தவர்கள்
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு
இட்லிக் கடை தேடுகிற நேரம்.

கோப்பின் கடைசியில் ஒரு கடிதம்.
எனக்குக் கொடுக்க நினைத்திருக்க மாட்டார்கள்.
நீல மை, பர்கூர்ப் பக்கத்துக் கிராமம்.
‘ரிசல்ட் வாங்க நான் பஸ் ஏறும் முன்னாலேயே
என் நாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது.
யார் பார்த்தது என்று மட்டும் சொல்லுங்கள்.
வேறு ஒன்றும் வேண்டாம்.’
கீழே பெயர் இல்லை. பரிசோதனை எண் இருந்தது.

தேடினேன்.
திங்கள், மாதிரி சேர்க்கப்பட்டது.
செவ்வாய், முடிவு ஏற்றப்பட்டது.
அப்புறம் வெறுமை.
மாற்றினால் எழுதும், அழித்தால் எழுதும்,
பார்த்தால் எழுதாது.
‘பாக்குறத எல்லாம் எழுதுனா
ரெண்டே வாரத்துல டிஸ்க் ரொம்பிடுங்க.’
பொய் இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
பதினாறு நாள்.

நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி.
அங்கே ஒவ்வொரு வண்டியும் படமாகிறது:
பெங்களூரு போகும் தக்காளி,
ஓசூரிலிருந்து திரும்பும் காலி டேங்கர்.
ஒரு பெண்ணின் உடம்புக்குள் போய்த் திரும்பியவர்
எந்தக் கேமராவிலும் இல்லை.

மத்தியானத்துக்குள் சரி செய்தோம்.
ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல்.
கடிகாரத்தை ஊருக்குக் கூட்டிவந்தோம்.
புது டிஸ்க்குக்கு உரிமையாளர் போனிலேயே
முனகிக்கொண்டு சம்மதித்தார்.
பார்ப்பதையும் எழுதச் சொல்லி
திம்மராஜ் ஒரு வரியை மாற்றினார்,
சர்வீசை நிறுத்தி எழுப்பினார்.
‘ஏதாவது ஒரு ரெக்கார்டத் தெறந்து பாருங்க மேடம்.
விழுதான்னு தெரியும்.’

ஏதாவது ஒன்று.
ஆயிரக்கணக்கில் இருந்தன.
விரல் அடித்தது கடிதத்தில் இருந்த எண்ணை.
வயது, ஊர், கணவர் பெயர்,
அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரே சொல்.
உடனே வெளியேறினேன்.
பதிவின்படி அந்த ‘உடனே’
ஒன்பது நொடி.

பார்த்தவர்: தமயந்தி, தணிக்கை.
மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று.
இந்தத் தரவுத்தளம் எழுதி வைத்த
முதல் பார்வை.

திம்மராஜ் எட்டிப் பார்த்தார்.
எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.
அவருக்கும் அது மனப்பாடம் போல.
‘டெஸ்ட்தானுங்களே. அந்த வரிய எடுத்துடட்டுங்களா?’
‘எடுக்க முடியுமா?’
‘நம்ம லாக்தானுங்களே.’

முப்பத்தாறாவது கேள்வி:
பதிவாகிறவரே பதிவை அழிக்க முடியுமா?
ஆம்.
அதைச் சரி செய்ய இன்னொரு மணி நேரம்,
இன்னொரு சர்வர், அவர் கை எட்டாத இடம்.
பசித்தது. இருவரும் சாப்பிடவில்லை.

இருபத்தொன்றாவது கேள்வி:
பார்வைகள் பதிவாகின்றனவா?
ஆம் என்றால் சான்று இணைக்கவும்.
இணைத்தேன்.
எண்ணைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு
என் பெயரை அப்படியே விட்டேன்.

கடிதத்தைத் திரும்பக் கோப்பில் வைத்தேன்.
அவள் கேட்டதற்கு
என்னிடம் இருக்கிற பதில்
இன்று பன்னிரண்டு நாற்பத்தொன்றிலிருந்து
தொடங்குகிறது.